அறுபத்தாறு டப்பா மண்

ராஜபாண்டி ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும்வரை மாடிப்படியில் நின்று பல் துலக்கினான். மோட்டாரை நிறுத்தினான். அம்மா அடுப்பில் வைத்திருந்த பாலில் டீத்தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, மூன்று தம்ளரில் ஊற்றினான். ஒன்றை அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒன்றை அம்மா பக்கத்தில் வைத்தான். தன்னுடையதைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு பின்னறைக்குப் போய் ஐஸ்பெட்டியின் முன்னால் குந்தினான். சின்னமனூரில் மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கிய பெட்டி. பக்கவாட்டில் சிவப்புக் கோன் படம் பாதி உரிந்துபோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடி ஓரத்தில் மாட்டியிருந்த குட்டித் திரை மைனஸ் பத்தொன்பது என்று காட்டியது. ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துத் தேதி, மணி, மைனஸ் பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். முப்பது நாளாக அவன் கையெழுத்து. அதற்கு முந்தைய பக்கங்களில் இருந்தது அவன் மனைவி இவாஞ்சலினுடைய கையெழுத்து.

இருபத்தொன்பது வயது. ஐந்து நாள் காய்ச்சல். டெங்கு என்று தேனி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போடியில் அவள் அப்பா ஜஸ்டினுக்கு இரும்புச்சாமான் கடை, வேதக்காரக் குடும்பம். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் நடந்தது. ராஜபாண்டி எல்லோரையும் போல ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு, அப்பா அம்மாவோடு அனுமந்தன்பட்டிக்குத் திரும்பினான். மூன்றாம் நாள் வேலைக்குப் போனான். அவன் அழவே இல்லை என்று தெருவில் ரெண்டு பேர் அம்மாவிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கிழக்குக் கடலுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மீன் ஐஸ் லாரியில் வரும், இல்லையென்றால் கருவாடாக வரும். அவ்வளவுதான் பழக்கம். இங்கிருந்து போய்க் கடலைப் படித்தவள் இவாஞ்சலின். மண்டபம் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்டி. மனுசன் கடலுக்கு என்னென்ன கெடுதல் செய்கிறான் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் பாடம். இழுவைமடி வலை கடலடியை எப்படிச் சுரண்டுகிறது, அறுந்த வலை எத்தனை ஆமையைக் கொல்கிறது, மீன் வயிற்றில் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்று ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். இவள் தன் ஊரை எடுத்துக்கொண்டாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். இலையில் வருகிற செவட்டை நோய்க்கு அதுதான் மருந்து. மழை பெய்தால் அது வாய்க்காலில் இறங்கும். வாய்க்கால் முல்லையாற்றுக்கு, முல்லையாறு வைகைக்கு, வைகை ராமநாதபுரத்தைத் தாண்டி ஆற்றங்கரை என்கிற ஊரில் கடலுக்கு. அங்கே கடலுக்குள் புல்வெளி இருக்கிறது. கடற்பசு மேய்கிற புல். சில இடங்களில் அந்தப் புல் வேரோடு அழுகிக்கொண்டு வந்தது. அதில் நம் துத்தத்துக்கும் பங்கு உண்டா? துத்தத்தில் இருக்கிற செம்பு அந்தச் சேற்றில் மாதாமாதம் எவ்வளவு படிகிறது? இதுதான் அவள் கேள்வி. உண்டு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பார்த்தால்தான் தெரியும் என்பாள்.

அவள் மாமனார் ஒச்சாண்டிக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேருக்கும் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுத்தான்.

“வைகை மதுரையத் தாண்டுறதுக்கே முக்குது. இதுல என் துத்தம் கடலுக்குப் போகுதாக்கும்?”

“வருசம் பூரா போக வேணாம் மாமா. வெள்ளம் வர்ற நாலு நாளு போதும்.”

“அப்ப செவட்டைக்கு நான் என்னத்த அடிக்க? திருநீறா?”

“அடிங்க மாமா. டிரம்ம மட்டும் வாய்க்கால்ல கழுவாதீக. உங்க துத்தம் ராமேஸ்வரம் பக்கம் யாத்திரை போயிட்டு இருக்கு. நீங்க இன்னும் ஒருதடவகூடப் போகல.”

ஒச்சாண்டி சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மருந்து டிரம்மை வாய்க்காலுக்குக் கொண்டுபோவதை நிறுத்தினார். வரப்போரம் ஒரு குழி வெட்டி அங்கன வைத்துக் கழுவினார். ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டேதான் கழுவினார். மற்ற தோட்டக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. உன் மருமகள் எதையாவது எழுதிவைத்து அரசாங்கம் துத்தத்துக்குத் தடை போட்டால் நாங்கள் உன் வீட்டு வாசலில்தான் வந்து உட்காருவோம் என்று பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி டீக்கடையில் வைத்தே சொன்னார். ஒச்சாண்டி அதை வீட்டில் சொல்லவில்லை. டீக்கடையை மாற்றிக்கொண்டார்.

இருபத்திரண்டு மாதம் அவள் அந்தச் சேற்றை எடுத்தாள். மாதம் ஒருமுறை வள்ளத்தில் போய், மூன்று இடத்தில் குழாயை இறக்கி எடுப்பாள். இரண்டு பாதியாகப் பிரித்து ஒரு பாதியை அங்கேயே சோதனைக்குக் கொடுத்துவிடுவாள். செம்பைப் பார்க்கிற மிஷின் அங்கே கிடையாது. கொச்சியில் ஒரு இடத்தில் இருந்தது, அதற்கு முறை வரக் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் மறுபாதி உறைந்தே இருக்க வேண்டும். நிலையத்து ஐஸ்பெட்டியில் இடத்துக்கு அடிதடி. அதனால் தெர்மாகோல் பெட்டியில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அறுபத்தாறு வெள்ளை டப்பா. மூடியில் தேதி, இடம், ஆழம். பெட்டிக்கு வயரிங் செய்து கொடுத்தவன் ராஜபாண்டி. உத்தமபாளையம் துணைமின் நிலையத்தில் அவன் உதவிப் பொறியாளர்.

கொச்சியில் முறை வந்துவிட்டது. திங்கட்கிழமை. அவளுக்கு இளையவளாக அங்கே ஆராய்ச்சி செய்கிற ஜான்சி என்ற பெண் சனிக்கிழமை காலையில் வந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள். எண்கள் வந்துவிட்டால் போதும், இவாஞ்சலின் எழுதிவைத்திருக்கிற கட்டுரையில் கட்டங்களை நிரப்பி அவள் பெயரிலேயே அனுப்பிவிடலாம் என்று ஆராய்ச்சியில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் சொன்னாராம். ராஜபாண்டிக்கு ஆராய்ச்சி புரியாது. ஒரு வேலை முடியப்போகிறது என்பது மட்டும் புரிந்தது. முப்பது நாளாக அவன் நோட்டில் எழுதியது அதற்காகத்தான்.

இன்றைக்கு வெள்ளி. மாதாந்திர ஷட்டவுன். ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் கிடையாது. போடுகிறவனே அவன்தான், தேதியை மாற்றவும் முடியாது. உப்புத்தண்ணீர் ஊற்றி உறையவைத்த பாட்டில்களை நான்கு நாளாகவே டப்பாக்களுக்கு நடுவில் செருகிவைத்திருந்தான். இப்போது பெட்டியின் மேல் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டான். மூடியைத் திறக்காவிட்டால் மறுநாள் காலைவரைக்கும்கூடத் தாங்கும்.

“அம்மா, இதத் தொறந்திராத. நாளைக்கு ஜான்சி வந்து டப்பாவ எடுத்துட்டுப் போகும்.”

பஞ்சம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். இன்றைக்கு முப்பதாம் நாள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். சாயங்காலம் படையல் போடுகிறேன், வந்துவிடு என்றாள். சரி என்றான்.

அவள் இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்ததை அவன் பார்த்தான். இந்த ஒரு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்த பேச்சுத்தான். எரித்திருந்தால் சாம்பல் இருந்திருக்கும். ஆற்றில் கரைத்திருக்கலாம். கரைத்தால்தானே போன உயிர் போய்ச் சேரும். பெட்டியில் வைத்து மூடிவிட்டார்களே, கரைக்க ஒன்றுமில்லையே. அடக்கம் முடிந்த அன்றைக்கே அவள் போடியில் சம்பந்தியம்மா சாராளிடம் மெதுவாகக் கேட்டும் பார்த்தாளாம், ஒரு முடியாவது நகமாவது கிடைக்குமா என்று. சாராள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களில் அந்த வழக்கம் இல்லை அண்ணி என்று சொல்லிவிட்டாள்.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அன்று வேலை அதிகம். மழைக்காலம் முழுக்கக் கொடி ஏறிப்போன கம்பங்கள் ஏழு. இன்சுலேட்டர்களைத் துடைத்து, விரிசல் விட்ட இரண்டை மாற்றி, பைபாஸ் ஓரம் லைனைத் தொட்டுக்கொண்டிருந்த வாகைக் கிளைகளை வெட்டினார்கள். லைன்மேன் வைகுண்டராஜ் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, சார் நீங்க கீழயே நில்லுங்க, போன மாசத்துல இருந்து உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்ல என்றார். கேலியாகத்தான் சொன்னார். கீழே நின்றவர்கள் சிரிக்கவில்லை. மதியம் அவரே தன் டிபன் பாக்ஸில் இருந்த புளிச்சோற்றில் பாதியை ஒரு மூடியில் வைத்து நீட்டினார். ராஜபாண்டி சாப்பிட்டான். நாலே முக்காலுக்கு பிரேக்கரைப் போட்டு லைன் கொடுத்தார்கள்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தபோது ஜமுக்காளம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பெட்டி ஓடுகிற சத்தம் கேட்டது. திரையில் எட்டு டிகிரி என்று இருந்தது. மைனஸ் இல்லை. அவன் மூடியைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. அடிவரை ஈரத்துணியால் துடைத்திருந்தது. ஃபினாயில் வாசனை வந்தது.

மாடிக்கு ஏறினான். அறுபத்தாறு டப்பாவும் கழுவி, வரிசை வரிசையாகக் கவிழ்த்து வெயிலில் காயவைத்திருந்தது. மூடிகளைத் தனியாகப் பரப்பியிருந்தாள். ஒரு மூடியை எடுத்துப் பார்த்தான். எழுத்து இல்லை. சாம்பலும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். இன்னொன்றை எடுத்தான். அதிலும் இல்லை. ஐந்தாறு எடுத்துப் பார்த்தான்.

கீழே வந்தபோது பஞ்சம்மாள் குளித்துத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, இலையில் பணியாரத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது நாளில் அவள் முகம் இவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்க்கவில்லை.

“மண்ணு எங்கம்மா?”

“கரைச்சுட்டேன்யா.”

அவள் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். காலையில் அவன் போனதும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். அப்போதுதான் தோன்றியதாம்.

“அவ கையால அள்ளுன மண்ணுடா. ரெண்டு வருசமா சீனிய மூடி வைக்கிற மாதிரி மூடி மூடி வச்சிருந்தா. எறும்பு மொய்க்காத மண்ணுக்கு எதுக்கு ஆத்தா இம்புட்டுக் காவலுன்னு நான்கூடக் கேலி பண்ணுவேன். அவ ஒடம்புல இருந்து ஒண்ணும் நமக்குக் கெடைக்கல. இதுவாவது இருக்கேன்னு நெனச்சேன். நாளைக்கு அந்தப் புள்ள வந்து டப்பாவ எடுத்துட்டுப் போயிருச்சுன்னா இதுவும் இல்லையில்ல?”

“அம்மா.”

“கல்லு மாதிரி எறுகிப்போய்க் கெடந்துச்சு. வெயில்ல வச்சு எளக்கி, ரெண்டு சாக்குல கட்டி, அப்பா வண்டியில வச்சுக் கொண்டுபோனோம். படித்தொறையில உக்காந்து ஒவ்வொண்ணா தொறந்து பால் ஊத்தி, அவ பேரச் சொல்லிச் சொல்லிக் கரைச்சேன். ஐயருகூட வேணாம்னுட்டேன், அவ வேதக்காரப் புள்ளதான. தண்ணி நல்லாப் போகுதுடா. கடலுக்குத்தான போகுது. அவ எடத்துக்கே போயிருவா. டப்பாவப் பூரா கழுவிட்டேன். அடுத்தவுக சாமானத் திருப்பிக் குடுக்கையில அழுக்காக் குடுக்கக் கூடாதுல்ல.”

பின்வாசலில் ஒச்சாண்டி நின்றுகொண்டிருந்தார். ராஜபாண்டி அவர் பக்கம் திரும்பினான்.

“உங்களுக்குத் தெரியும்ல. அது எதுக்கு வச்சிருந்தான்னு உங்களுக்குத் தெரியும்ல.”

ஒச்சாண்டி தலையைக் குனிந்தபடி மாட்டுக்கொட்டம் பக்கம் நடந்தார். ராஜபாண்டி பின்னாலேயே போனான். அம்மாவுக்குக் கேட்காத தூரம் வந்ததும் கேட்டான்.

“சின்னச்சாமி சொன்னாரா? ஊருல சொன்னாகளா? இனி துத்தத்தப் பத்தி எவனும் பேச மாட்டான். நிம்மதியா இருங்க.”

கையில் இருந்த கயிற்றை ஒச்சாண்டி கீழே போட்டார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தான். அவர் தொட்டித் திண்டில் உட்கார்ந்தார்.

“அப்படியாடா நெனைக்கிற.”

“வேற எப்படி நெனைக்க?”

“அந்த மண்ணுல என் துத்தம் இருக்கா இல்லையான்னு எனக்கும்தாண்டா தெரியணும். அவ காச்சலுக்கு முந்துன வாரம்கூடக் கேட்டேன். ரிசல்ட் வரட்டும் மாமா, இல்லைன்னு வந்துச்சுன்னா ஊருக்கே நான் பணியாரம் சுட்டுத் தர்றேன்னா. இருக்குன்னு வந்தா என்ன ஆத்தா பண்றதுன்னேன். அப்ப நாம ரெண்டு பேரும் உக்காந்து வேற ஒரு மருந்து கண்டுபிடிப்போம்னா.” அவர் மூக்கைச் சிந்தினார். “உங்கம்மாகிட்டச் சொன்னேன்டா. பயல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னேன். அவ அழுத அழுகை நீ பாக்கல. சாக்கக் கட்டிக்கிட்டு நடந்தே போறேன்னு வாசல்ல எறங்கிட்டா. நான் என்ன செய்ய? வண்டிய எடுத்தேன். நானும்தான் ரெண்டு டப்பா ஊத்துனேன். திட்டுறதுன்னா என்னையத் திட்டு. அவகிட்டச் சொல்லாத.”

ராஜபாண்டி அங்கேயே நின்றான். மாடு அவன் சட்டையை நக்கியது. பிறகு உள்ளே போய்ப் படையலுக்கு விழுந்து கும்பிட்டான். இலையில் பணியாரம், முருங்கைக்கீரை, ஒரு தட்டில் மீன் வறுவல். பொடிக் கருவாடு இல்லை. குஞ்சு மீனைப் பிடித்துக் காயப்போட்டு விற்கிறார்கள், வாங்காதீர்கள் அத்தை என்று இவாஞ்சலின் சொன்னதிலிருந்து பஞ்சம்மாள் அதைச் சந்தையில் தொடுவதில்லை. இன்றைக்கும் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். டீப் போட்டான். பின்னறைக்குப் போகவில்லை.

ஜான்சி எட்டு மணிக்கு வந்தாள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை வந்து, மதுரையிலிருந்து விடிகாலை பஸ் பிடித்திருக்கிறாள். மண்டபத்துக்காரி; அவள் அப்பா வள்ளம் வைத்திருப்பவர், இவாஞ்சலினைக் கடலுக்குள் கூட்டிப்போய் வந்தது அந்த வள்ளம்தான். தோளில் பை, கையில் பெரிய நீல ஐஸ்பெட்டி. பஞ்சம்மாள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளும் அழுதாள். முகம் கழுவிக்கொள்ள ஆத்தா, இட்லி எடுத்துவைக்கிறேன் என்று பஞ்சம்மாள் அடுப்படிக்குப் போனாள்.

ராஜபாண்டி ஜான்சியை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சொல்வதற்குப் பதிலாகக் காட்டிவிடலாம் என்று நினைத்தான்.

அவள் டப்பாக்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். உள்ளே விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

“கழுவிட்டாகளா அண்ணே?”

“ம்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

ஏதாவது ஒன்று, ஒரே ஒரு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். அங்கே கொடுத்த மறுபாதி இருக்குமே என்று அவன் கேட்டான். அது மண்துகளின் அளவு பார்க்கவே செலவாகிவிட்டது என்றாள். மறுபடி எடுக்க முடியாதா என்று கேட்டான். கேட்கும்போதே பதில் தெரிந்துதான் இருந்தது.

“இனிமே எடுத்தா அது இந்த வருசத்து மண்ணுண்ணே. போன வருச வெள்ளத்துல வந்து படிஞ்சது மேல இப்ப வேற படிஞ்சிருக்கும். போன வாரம் அப்பாவோட போய்ப் பாத்தேன். அக்கா கம்பு நட்டு அடையாளம் வச்சிருந்த எடத்துல புல்லே இல்ல. இழுவைமடிக்காரன் இழுத்துட்டுப் போயிட்டான்.” அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். “அக்கா எடுத்ததுதான் கடைசி. அந்த எடத்தப் பத்தி இனி யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல.”

கீழே சட்னி தாளிக்கிற வாசனை வந்தது. எதிரே பந்தல்களுக்கு மேல் மலை மங்கலாகத் தெரிந்தது. யாரோ மருந்து அடிக்க விசைத்தெளிப்பானை ஓட்டுகிற சத்தம் கேட்டது.

“மேடம் கேப்பாக அண்ணே. என்னன்னு சொல்ல?”

ராஜபாண்டி யோசித்துவைத்திருந்தான்.

“கரண்ட் போயிருச்சுன்னு சொல்லுங்க. எட்டு மணி நேர ஷட்டவுன். அவ வீட்டுக்காரன்தான் கரண்ட நிப்பாட்டுனான், மாத்து ஏற்பாடு பண்ணாம வேலைக்குப் போயிட்டான், எல்லாம் எளகிக் கெட்டுப் போச்சு, கொட்டிட்டான்னு சொல்லுங்க. என் பேரச் சொல்லியே சொல்லுங்க.”

“மேடம் உங்கள ரொம்பப் பேசிருவாக.”

“பேசட்டும்.”

அவள் அவனைப் பார்த்தாள். கீழே அடுப்படிச் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். எழுந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடிப் பையில் போட ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்டான். அம்மா கழுவி வைத்திருக்கிறார்களே, கொண்டுபோகாமல் எப்படிப் போவது என்றாள்.

கீழே ஆறு இட்லி சாப்பிட்டாள். பஞ்சம்மாள் ஏழாவதை வைத்தபோது வேண்டாம் என்று இலையை மூடினாள். ஐஸ்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பஸ்ஸுக்கு அனுப்ப ஒச்சாண்டி வண்டியை எடுத்தார். பெட்டி வெறும் பெட்டி. பின்னால் உட்கார்ந்து அதை மடியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனாள். பஞ்சம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏய்யா, இம்புட்டுத் தூரத்துல இருந்து இம்புட்டுப் பெரிய பெட்டிய எதுக்குக் கொண்டாந்துச்சு?”

அவன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தான்.

“டப்பா பையிலயே போயிருச்சே. பெட்டி எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மா இல்லடா.” அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். “அது மாடியில அழுததக் கேட்டேன். அந்த மண்ணு வேணுமாடா அவுகளுக்கு? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா? உள்ளதச் சொல்லு.”

சொல்லிவிடலாம். இரண்டு வரி போதும். அவன் அவள் உச்சந்தலையைப் பார்த்தான். முப்பது நாளில் வகிட்டின் இரண்டு பக்கமும் நரைத்திருந்தது. உள்ளதைச் சொன்னால் இந்த வாசற்படியிலிருந்து இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று தெரிந்தது.

“தப்பு இல்லம்மா. அவளே சொன்னதுதான்.”

“என்ன சொன்னா?”

“ஆஸ்பத்திரியில. கடைசியா.” அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான். “எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த மண்ணக் கொண்டுபோயித் தண்ணியிலயே விட்ருங்கன்னு சொன்னா. நான்தான் மனசு வராம வச்சிருந்தேன். நீ செஞ்சுட்ட.”

பஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஏண்டா இத முன்னமே சொல்லல என்று அவன் முதுகில் ஒரு அடி அடித்தாள். பிறகு அடித்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள். தனக்கு எப்படித் தோன்றியது என்று இப்போது புரிகிறது, அவள்தான் தோன்ற வைத்திருக்கிறாள் என்றாள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹேமாவதி வந்து கேட்டுவிட்டுப் போனாள். குழாயடியில் பேசினார்கள். கடலைப் படித்த பிள்ளை கடலுக்கே போக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறது பார் என்றார்களாம். பழைய டீக்கடையைத் தாண்டிப் போனபோது சின்னச்சாமிகூட எழுந்து வந்து ஒச்சாண்டியின் கையைப் பிடித்தாராம். ஒச்சாண்டி வந்து சொன்னார். சொல்லும்போது மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு போடியிலிருந்து சாராள் போன் செய்தாள். பஞ்சம்மாள் அவளுக்கும் சொல்லியிருக்கிறாள்.

“மாப்பிள்ளை, அண்ணி சொன்னாக. அப்படியா சொன்னா? நெசமாவா?”

அவன் பின்னறையில் நின்றுகொண்டிருந்தான். ஐஸ்பெட்டியின் பிளக்கை ஜான்சி போனதுமே பிடுங்கிவிட்டிருந்தான். பெட்டி ஓடாத அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

“ஆமாத்த.”

“வேற எதுவும் சொன்னாளா? எங்களப் பத்தி?”

“உங்களையும் மாமாவையும் பாத்துக்கச் சொன்னா.”

ஸ்தோத்திரம் என்று சொல்லி சாராள் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இதைச் சொல்லி ஜெபிக்கப்போவதாகச் சாயங்காலம் ஜஸ்டின் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சரி மாமா என்று பதில் அனுப்பினான்.

இனி அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. நாலைந்து வருடம் போனால் அவனே நம்பிவிடுவான் என்று பயமாக இருந்தது. ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்தான். அவன் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்தான். ஒரு வரிதான். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகப் பேசிய நாளின் தேதியைப் போட்டான். மணி மூன்று ஐந்து என்று எழுதினான்.

அன்றைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்பது அவனுக்குத் தெரியாது. தப்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவள் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் பேசவில்லை. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, லீவை இன்னும் ரெண்டு நாள் நீட்டச் சொல்லி ஆபீஸுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் திறந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்.

“பாண்டி, கொஞ்சம் தள்ளி நில்லு. ஃபேன் காத்த மறைக்கிற.”